செவி ஏற்ற சொல்லே நிலைக்கும்

சென்னையினின்று மேற்கு நோக்கிப் பெங்களூர் செல்லும் பெருஞ்சாலை, பூவிருந்தவல்லியைக் கடந்ததும் செம்பரம்பாக்கத்தைத் தொடுகின்றது. ஒருபால் தலைநகர்க்குக் குடிநீர் ஊட்டும் பேரேரி. அதற்கப்பால் திருப்பெரும்புதூர் வரையிலும், அங்கிருந்து ஒரகடம் வரையிலும் ஆலைகள், ஆலைகள், ஆலைகள்! இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நாட்டு மகிழுந்துகள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010-இல் பிரெஞ்சு, சப்பானிய நிறுவனங்களின் கூட்டாலை திறக்கப்பெற்றது. கண்ணாடி, சரக்குந்து, கைப்பேசி என்று ஞாலம் வாங்கும் பொருள்கள் பலவும் இந்நெடுநிலத்தில் தமிழன் கைபட்டு வெளியேறுகின்றன.

ஆயின், அவன் கையால் முடுக்கும் உறுப்புகளுக்கு அவன் வாயில் தமிழ்ப்பெயர் உண்டா? அகரமுதலியில் உண்டு, கலைச்சொற்றொகுதியில் உண்டு, அரசின் ஆணைகளில் உண்டு, அவன் வாயில் இல்லை. ஒரகடத்திற்கு அணித்தே ஓர் ஊர் இருக்கின்றது. தனித்தமிழ்த் தந்தையின் திருப்பெயரைத் தாங்கி நிற்கும் மறைமலை நகர் அது. அந்நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க மகிழுந்து ஆலை ஒன்று இயங்கி, 2022-இல் தன் உருவாக்கத்தை நிறுத்திக்கொண்டது. ஊர்ப்பெயர் தூய தமிழ். அவ்வூரின் ஆலைக்குள் ஒலித்த தொழிற்சொல்லோ பெரிதும் ஆங்கிலம். இம்முரண்பாட்டின் வேர் எங்கே இருக்கின்றது என்று ஆராய்வதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

அடிமை மனப்பான்மை, ஆட்சியாளரின் அக்கறையின்மை, செய்தித்தாள்களின் பொறுப்பின்மை, ஆங்கில வழிக் கல்வியின் பெருக்கம் என்று நாம் வழக்கமாகக் கூறும் கரணியங்கள் யாவும் உண்மையே. எனினும் அவை முழு உண்மையல்ல. அதே அடிமை மனப்பான்மை நிறைந்த நாட்டில்தானே 'பேருந்து' வாழ்கின்றது? அதே செய்தித்தாள்கள்தாமே 'அபேட்சகர்' என்பதைக் கைவிட்டு 'வேட்பாளர்' என்று எழுதுகின்றன? 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்தார். 'காரியதரிசி' போய்ச் 'செயலாளர்' வந்தார். 'சர்வகலாசாலை' போய்ப் 'பல்கலைக்கழகம்' வந்தது. இவ்வளவும் நடந்த இந்நிலத்தில், அதே அறிஞர்கள் அதே உழைப்பைக் கொட்டி ஆக்கிய வேறு பல சொற்கள் ஏட்டைவிட்டு இறங்கவேயில்லை. எனவே, ஒரு புதுச்சொல்லின் வாழ்வும் வீழ்வும் ஓரளவேனும் அச்சொல்லின் உள்ளேயே இருக்கின்றன. அது பொருளில் மட்டும் இல்லை, ஒலியிலும் இருக்கின்றது.

செவி என்னும் வாயிற்காவலன்

ஒரு புதுச்சொல் முதன்முதல் வந்து நிற்கும் இடம் அறிவு அன்று, செவி. செவி அதனை ஏற இறங்கப் பார்க்கின்றது. 'நீ எங்கள் ஊரானா? உன் நடை எங்கள் நடையா? உன்னைப் போன்றவன் எவனையேனும் நான் முன்பு கண்டதுண்டா?' என்று வினவுகின்றது. அவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே சொல் உள்ளே சென்று, தன் பொருளை அறிவிடம் ஒப்படைக்கின்றது. கடை மடியிலேயே விரட்டப்பெற்ற சொல், எத்துணை நுட்பமான பொருளைச் சுமந்து வந்திருப்பினும் பயன் என்ன?

இதற்குப் பாவலர் பாரதியாரே சான்று. 'மெம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தாம் பட்ட பாட்டை அவர் தம் கட்டுரை ஒன்றில் எழுதி வைத்துள்ளார். 'அவயவி', 'அங்கத்தான்', 'உறுப்பாளி' என்று பலவற்றையும் எண்ணிப் பார்த்து, ஒன்றும் உள்ளத்திற்குப் பொருந்தாமையால், இறுதியில் ஆங்கிலச் சொல்லையே எழுதி முடித்தார். இன்று 'உறுப்பினர்' என்று படியாதாரும் சொல்கின்றனர். சட்டமன்ற உறுப்பினர், ஊராட்சி உறுப்பினர், கழக உறுப்பினர் என்று அச்சொல் தெருவெல்லாம் நடக்கின்றது. பாரதியார் விட்டதும் நாடு பிடித்துக்கொண்டதும் ஒரே வேர்தான். 'உறுப்பு' என்பதே இரண்டிற்கும் முதல். வேறுபட்டது ஈறு ஒன்றே!

'உறுப்பாளி' என்றதும் செவி அதனை எந்த வரிசையில் நிறுத்தும்? நோயாளி, கடனாளி, ஏமாளி, கோமாளி என்று அதன் நினைவில் அணிவகுத்து நிற்கும் சொற்களோடு நிறுத்தும். உழைப்பாளியும் அறிவாளியும் அவ்வரிசையில் உண்டெனினும், ஒருவரை மதித்து அழைக்கும் அவைக்கு அவ்வீறு பொருந்தி ஒலிக்கவில்லை. 'உறுப்பினர்' என்றாலோ, உறவினர், விருந்தினர், குடும்பத்தினர் என்று இல்லத்து வரிசையில் போய் அமர்ந்துகொள்கின்றது. பொருள் மாறவில்லை, கூட்டாளிகள் மாறினர். சொல்லை நாம் தனியே ஆக்குகின்றோம். கேட்பவனோ அதனைக் கூட்டத்தோடு கேட்கின்றான்.

தொல்காப்பியர் வகுத்த வாயில்

எந்த ஒலி எங்கு நிற்கலாம், எதன்பின் எது வரலாம் என்பதைத் தமிழ் போல் பண்டே வரையறுத்த மொழிகள் மிகச் சிலவே. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்து மொழிமரபில், சொல்லுக்கு முதலில் உயிர் பன்னிரண்டும், மெய்களுள் க, த, ந, ப, ம, ச, வ, ஞ, ய என்னும் ஒன்பதுமே வரும் என்றும், அவற்றுள்ளும் இன்ன மெய் இன்ன உயிரோடு வாராது என்றும் வரம்பு கட்டினார். சொல்லின் இறுதியில் நிற்கத்தக்க மெய்கள் பதினொன்று என்று எண்ணிக் காட்டினார். வல்லின மெய் ஒன்றேனும் அவ்வெண்ணிக்கையில் இல்லை. இவை புலவன் ஏட்டில் எழுதிக்கொண்ட சட்டம் அல்ல. தமிழ்ச் செவியின் இயல்பைக் கண்டு எழுதிய பதிவு.

ஐயுறுவார் ஒரகடத்துப் பட்டறை ஒன்றின் வாயிலில் நின்று கேட்கட்டும். தொல்காப்பியத்தைக் கண்ணாலும் கண்டிராத தொழிலாளி 'நட்டு' என்கின்றான், 'போல்ட்டு' என்கின்றான், 'லேத்து' என்கின்றான், 'கேட்டு' என்கின்றான். ஆங்கிலன் வல்லின மெய்யில் முடித்த சொற்களையெல்லாம் அவன் குற்றியலுகரம் கொடுத்து முடிக்கின்றான். அவனுக்கு இதனைக் கற்பித்தவர் எவர்? எவருமிலர். வல்லெழுத்தில் முடியும் சொல்லை அவன் செவி சொல்லாகவே ஏற்பதில்லை. முந்தைய தலைமுறையினர் 'இசுக்கூல்' என்றும் 'இசுடேசன்' என்றும் இகரம் கூட்டிச் சொன்னதும் இவ்வியல்பினாலேயே. ஆங்கிலத்தைச் சொல்லும்போதும் அவன் தமிழிலேயே சொல்கின்றான்!

இதனுள் நமக்கொரு கசப்பான பாடமும் உண்டு. மேசை, சாவி, சன்னல், அலமாரி ஆகியவை போர்த்துகீசியர் வழி வந்த சொற்கள். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக அவை நம் வீட்டிற்குள் அமர்ந்திருக்கின்றன. அவை அயன்மொழி என்று சொன்னால் நம்பாத தமிழர் எத்தனை பேர்! 'மேசை' ஆசை, ஓசை, பூசை என்பவற்றோடு ஒலிக்கின்றது. 'சாவி' ஆவி, காவி என்பவற்றோடு ஒலிக்கின்றது. தமிழ் உடையுடுத்தி வந்தமையால் காவலன் வழிவிட்டான். செவி வேரைப் பார்ப்பதில்லை; நடையை மட்டுமே பார்க்கின்றது. அயற்சொல் தமிழ் நடை நடந்து உள்ளே புகுந்துவிட, தமிழ் வேர்ச்சொல்லால் ஆன புதுச்சொல் நடை தவறி வெளியே நிற்கும் என்றால், அதனைவிடக் கொடுமை உண்டா?

உளநூலார் கண்ட உண்மைகள்

நாம் இலக்கண மரபால் அறிந்த இவ்வுண்மையை மேலை உளநூலார் பொருளற்ற சொற்களைப் புனைந்து ஆய்ந்துள்ளனர். செருமானிய அறிஞர் கோலர், 1929-இல் வெளியிட்ட தம் நூலில், வளைவான உரு ஒன்றையும் கூர்முனைகள் கொண்ட உரு ஒன்றையும் காட்டி, பொருளில்லாத இரு பெயர்களுள் எது எதற்குப் பொருந்தும் என்னும் வினாவை எழுப்பினார். பின்னர் அவர் கையாண்ட வடிவில் அப்பெயர்கள் 'தகேதே', 'மலுமா' என்பன. பெரும்பாலார் கூரியதற்குத் 'தகேதே' என்றும் வளைந்ததற்கு 'மலுமா' என்றும் பெயரிட்டனர். தமிழறிந்தார்க்கு இதில் வியப்பென்ன? முன்னதில் உள்ள மெய்கள் வல்லினம். பின்னதில் உள்ளவை மெல்லினமும் இடையினமும். எழுத்துகளுக்கே வன்மை, மென்மை, இடைமை என்று செவியுணர்வால் பெயரிட்ட இனம் இது. 'நறநற' என்பதும் 'கரகர' என்பதும் எதனை உணர்த்தும், 'வழவழ' என்பதும் 'மொழுமொழு' என்பதும் எதனை உணர்த்தும் என்று நம் சிறுவரைக் கேட்டாலும் சொல்வர்.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் மூளை ஆய்வில் பெரும்புகழ் எய்திய இராமச்சந்திரன், 2001-இல் அப்பார்டு என்பாருடன் இவ்வாய்வைப் 'பூபா', 'கிக்கி' என்னும் புதுப்பெயர்களால் மீண்டும் நிகழ்த்தி எழுதினார். அமெரிக்க மாணவரும், இந்தியாவில் தமிழ் பேசும் மக்களும் ஒருபடித்தாகவே விடையிறுத்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைவரும் அவர்க்கு மேலும் கூரிய உருவையே 'கிக்கி' என்றனர். ஒலிக்கும் உருவிற்கும் இடையே மாந்த மூளையில் ஓர் உறவு இயல்பாகவே உண்டு என்பதே இதனால் பெறப்படுவது.

அடுத்து, நினைவு. எபிங்கவுசு என்னும் செருமானியர் ஏறத்தாழ 2,300 பொருளற்ற அசைகளைப் புனைந்து, தம்மையே ஆய்வுப்பொருளாக்கி, அவற்றை உருப்போட்டு, எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே பாதிக்கு மேல் நழுவிற்று. பற்றுக்கோடில்லாத ஒலி நினைவில் நில்லாது என்பது அதன் பாடம். 1975-இல் பிரித்தானிய உளநூலார் பேடலியும் அவர்தம் தோழரும், வரிசையாகச் சொற்களைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்லும்போது, நெடுஞ்சொற்களைவிடக் குறுஞ்சொற்களே மிகுதியாக நினைவில் நிற்கின்றன என்றும், ஏறத்தாழ இரண்டு நொடியில் சொல்லி முடிக்கத்தக்க அளவே உள்ளச்செவியில் தங்குகின்றது என்றும் காட்டினர். அதன்பின் கேதர்கோல் என்னும் அம்மையாரும் பேடலியும் இளஞ்சிறாரிடம் புனைசொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தனர். தம் மொழியின் சொற்களைப் போல் ஒலித்த புனைசொற்களைச் சிறார் குறைந்த பிழையோடு சொன்னதாகவும், அவ்வாறு ஒலிக்காதவற்றில் மிகுதியாக இடறியதாகவும் அவ்வாய்வுகள் கூறுகின்றன. புதுச்சொல்லைத் திருப்பிச் சொல்ல வல்ல சிறாரே சொல்வளமும் மிக்கவராயிருந்தனர்.

இவையெல்லாம் பொருளற்ற சொற்களுக்கே இப்படியென்றால், பொருளும் வேரும் உடைய சொற்களைப் படைக்கும் நாம் ஒலியைப் பொருட்படுத்தாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு! வணிகன் இதனை நெடுநாள் முன்பே அறிந்துகொண்டான். படப்பெட்டி விற்ற ஈசுட்மன், 1888-இல் 'கோடாக்' என்னும் பெயரை ஒரு பொருளுமின்றி ஒலிக்காகவே புனைந்தார். ககரத்தின் வன்மை அவரைக் கவர்ந்தது. முதலிலும் ஈற்றிலும் அதனையே வைத்தார். உலகெங்கும் அச்சொல் சென்றது.

வாழ்ந்தனவும் வாடியனவும்

இனி நம் புதுச்சொற்களை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

'தேநீர்' வாழ்கின்றது. 'தே' என்பது சீன நாட்டிலிருந்து வந்த ஒலியே. ஆயினும் 'நீர்' என்னும் நம் சொல்லோடு கூடியதும், இளநீர், வெந்நீர், பன்னீர் என்னும் வரிசையில் அது போய் அமர்ந்தது. 'தேன்' என்னும் நினைவும் செவியில் கமழ்ந்தது. காப்பிக்கு இட்ட பெயர்களுக்கோ அந்நற்பேறு வாய்க்கவில்லை. 'கொட்டை வடிநீர்' என்பது பெயராக ஒலிக்கவில்லை. செய்முறை விளக்கமாக ஒலித்தது. 'குளம்பி' என்பது, அக்கொட்டை குளம்பு போன்றிருத்தலை எண்ணி அமைத்தது, வேரில் குறையில்லை. ஆனால் கேட்பவன் செவியில் முந்தி வந்து நிற்பது அடுப்பிலிருக்கும் குழம்பு அன்றோ! ழகர ளகர வேறுபாடு மங்கிவிட்ட வாய்களில் அவ்விரண்டும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. நகைப்பிற்கு இடமானது சொல்லின் தமிழ்மை அன்று. அதன் அண்டையில் இருந்த வேறொரு சொல்லே.

'துவிச்சக்கர வண்டி' ஈழத்தில் இன்றும் ஓரளவு வழங்குகின்றது. தமிழகத்தில் 'ஈருருளி' என்றும் 'மிதிவண்டி' என்றும் இரண்டு தூய தமிழ்ச் சொற்கள் பிறந்தன. ஈருருளி வேர்ச்செப்பம் உடையதே. ஆனால் ரகரமும் ருகரமும் ளகரமும் அடுத்தடுத்து உருள, நாவும் உடன் உருண்டு இடறுகின்றது. மிதிவண்டியோ காலில் செய்யும் வினையைச் சொல்லி, மாட்டுவண்டி, கூட்டுவண்டி, தொடர்வண்டி என்னும் பழகிய இனத்தோடு சேர்ந்தது, வென்றது.

'கணிப்பொறி' என்றும் 'கணிப்பான்' என்றும் 'கணினி' என்றும் போட்டியிட்டவற்றுள் மக்கள் குறுகியதையே எடுத்துக்கொண்டனர். ஆனால் அங்கும் ஒரு படிப்பினை உண்டு. ணகரமும் னகரமும் அடுத்தடுத்து நிற்றலால், 'கணிணி' என்று எழுதுவார் பலர். ஈழத்தில் 'கணனி' என்றும் வழங்குகின்றது. ஒத்த ஒலிகள் அருகருகே நின்றால் நினைவு தடுமாறும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டா.

'அகம்' என்னும் ஈறு செய்திருக்கும் பணியை எண்ணுங்கள்! நூலகம், உணவகம், மருந்தகம், பதிப்பகம், செயலகம் என்று ஒரு குடும்பமே பெருகியது. ஒன்றைக் கேட்டவன் மற்றொன்றைக் கேளாமலே அறிகின்றான். ஈழத்தில் 'வெதுப்பகம்' என்னும் சொல் கடைப்பலகைகளில் ஏறியதற்கும் இக்குடும்ப உறவு துணைநின்றது. புதுச்சொல் தனியாளாக வந்தால் அயலான்; குடும்பத்தோடு வந்தால் உறவினன்.

மறைமலையடிகளாரின் பெயர்மாற்றத்தையே பாருங்கள். வேதாசலம் என்பதில் வேதம் 'மறை' ஆயிற்று. அசலம் 'மலை' ஆயிற்று. மகர மோனையும், ஈரெழுத்து நிரையசைகளின் இரட்டை அடுக்கும் சேர, அப்பெயர் ஒருமுறை கேட்டார் உள்ளத்திலும் பதிந்தது. அவர்தம் 'ஞானசாகரம்' இதழும் 'அறிவுக்கடல்' ஆயிற்று. தனித்தமிழ் இயக்கம் கிளர்ந்த அதே 1916-இல், சேலத்தில் கலைச்சொல் ஆக்கத்திற்கென்று இராசகோபாலாச்சாரியாரும் அவர்தம் நண்பரும் தொடங்கிய அமைப்பிற்குத் 'தமிழ்ச் சாத்திர பரிபாசைச் சங்கம்' என்று பெயர். அறிவியலைத் தமிழில் தரவேண்டும் என்னும் நோக்கம் நன்றே. ஆனால் அப்பெயரை ஓர் உழவன் எத்தனை முறை கேட்டால் திருப்பிச் சொல்வான்?

நீளம் மட்டுமே குற்றமா?

'தனித்தமிழ்ச் சொற்கள் நீளம். அதனால் நிலையா' என்பார் சிலர். அவர்க்குச் செம்பரம்பாக்கமே விடை கூறும். செம் - பரம் - பாக் - கம் என்று நான்கு அசைகள். ஏரி உடைப்பெடுக்குமோ என்று 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் சென்னையே நடுங்கியபோது, அப்பெயரை நாட்டின் எல்லா வாய்களும் சொல்லின. எவரும் சுருக்கவில்லை, எவரும் மறக்கவில்லை. ஏன்? ஒவ்வோர் அசையும் மெல்லினத்தாலோ இரட்டித்த வல்லினத்தாலோ கட்டுண்டு நிற்கின்றது. இறுதியில் பல்லூர்க்கும் பொதுவான 'பாக்கம்' வந்து தாங்குகின்றது. மூட்டு நன்றாயிருந்தால் நெடிய உடலும் வளையும். அண்டை ஊரான பூவிருந்தவல்லியோ மக்கள் வாயில் 'பூந்தமல்லி' ஆயிற்று. மக்கள் நாவே நல்ல தச்சன். பிதுங்கி நிற்பதை இழைத்துவிடும். சொல்லாக்குநன் இழைக்காமல் விட்டதை மக்கள் இழைத்தால் வேரே சிதையக்கூடும் என்பதால், அவ்விழைப்பை நாமே முன்கூட்டிச் செய்துவிடுதல் நலம்.

அதற்குக் கருவியும் நம்மிடமே உண்டு. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் வாய்பாடுகள் யாவை? ஓசை அமைப்பை நினைவில் நிறுத்துதற்கென்றே யாப்பிலக்கணத்தார் கையாண்ட சொற்கள் அல்லவா! நிலைத்த புதுச்சொற்களை அவ்வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். தேநீர் தேமா, இணையமும் அமைச்சரும் புளிமா, வானொலியும் நூலகமும் கூவிளம், உறுப்பினரும் திருமணமும் கருவிளம், பேருந்தும் வேட்பாளரும் தேமாங்காய், மிதிவண்டி புளிமாங்காய். ஈரசைக்கும் மூவசைக்கும் உள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேற்பட்டது 'பல்கலைக்கழகம்' போல் இரண்டாய்ப் பிரித்துச் சொல்லத்தக்க மூட்டுடையதாக இருத்தல் வேண்டும்.

முதல் நகைப்பு முடிந்த தீர்ப்பன்று

இவ்வளவும் கூறியதனால், செவிக்குப் புதியதெல்லாம் தள்ளத்தக்கது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. செவி பழக்கத்திற்கும் அடிமை. அமெரிக்க உளநூலார் சயான்சு 1968-இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கிச் சொற்கள் என்று கூறிச் சில புனைசொற்களைச் சிலமுறையும் வேறு சிலவற்றை 25 முறை வரையிலும் மாணவர்க்குச் சொல்லிக் காட்டினார். பின்னர், இச்சொற்களின் பொருள் நல்லதா தீயதா என்று உய்த்துச் சொல்லுமாறு கேட்டார். மிகுதியாகக் கேட்ட சொற்களுக்கே நல்ல பொருள் இருக்கும் என்றனர் மாணவர்! பழகப் பழகச் சொல் இனிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'வணக்கம்' என்றதற்கு நகைத்தோர் ஒரு காலத்தில் இருந்தனர். 'திருமணம்' என்று அழைப்பிதழில் அச்சிடத் தயங்கியோர் இருந்தனர். இன்று நகைப்பாரும் இலர், தயங்குவாரும் இலர். எனவே, முதன்முறை கேட்டு நகைப்பவனிடம் சொல்லைப் பறிகொடுத்துவிட வேண்டா. நடை பிழையாத சொல் என்றால், நூறு முறை அவன் செவியில் போடுக; நகைப்பு அடங்கும். நடை பிழைத்த சொல் என்றால், நூறு முறை போடுமுன் இழைத்துத் திருத்துக.

ஏறத்தாழ நான்கு இலக்கம் மக்களே வாழும் ஐசுலாந்து நாட்டைப் பாருங்கள். கணினிக்கு அங்கே 1965-இல் நோர்டால் என்னும் அறிஞர் 'தொல்வா' என்னும் சொல்லைப் படைத்தார். எண்ணைக் குறிக்கும் சொல்லையும், குறிசொல்லும் மூதாட்டியைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்து, பழஞ்சொல்லின் ஒலியச்சிலேயே அதனை வார்த்தார். வேற்றுமை உருபேற்கும்போதும் பழஞ்சொல் நடந்த நடையிலேயே அது நடக்கின்றது. அந்நாடு முழுவதும் அச்சொல்லே வழங்குகின்றது. எட்டுக் கோடித் தமிழர்க்கு அது இயலாதா?

சொல்லாக்குநர்க்கு ஐந்து வேண்டுகோள்

1. வேர் தமிழாய் இருப்பதோடு நடையும் தமிழாய் இருக்கட்டும். மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்க நெறிகளைக் கடந்த சொல்லைச் செவி ஏலாது.

2. புதுச்சொல்லை வெளியிடுமுன், அதனோடு ஒலியால் ஒத்த பழஞ்சொற்களை எண்ணிப் பாருங்கள். நகைப்பிற்கோ மயக்கத்திற்கோ இடந்தரும் அண்டைச்சொல் இருப்பின் ஈற்றை மாற்றுங்கள்.

3. ர-ற, ல-ள-ழ, ண-ன ஆகிய ஒத்த ஒலிகளை ஒரே சொல்லில் நெருக்கி வைக்காதீர்கள்.

4. விளக்கத்தைப் பெயராக்காதீர்கள். ஈரசை, மூவசைக்குள் அடக்குங்கள். முடிந்தவரை ஒரு சொற்குடும்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

5. பொருளின் தன்மைக்கேற்ற ஒலியைத் தேருங்கள். வெட்டுவதற்கும் முடுக்குவதற்கும் வல்லினம் முழங்கட்டும். சுழல்வதற்கும் வழுக்குவதற்கும் இடையினம் இழையட்டும்.

பட்டறையே தேர்வுக்கூடம்

இந்நெறிகளைப் புலவர் அவையில் மட்டும் வைத்து ஆராய்ந்தால் போதாது. உளி, அரம், குறடு, இடுக்கி, சம்மட்டி, துரப்பணம், திருப்புளி, திருகாணி, மரை என்று நம் கம்மியரும் தச்சரும் கொல்லரும் போற்றிய சொற்களைக் கேளுங்கள்! எத்துணைச் சுருக்கம்! எத்துணை உறுதி! கருவியின் வினையே ஒலியாய் வந்து நிற்கின்றது. 'திருகாணி' மகளிர் காதணியிலும் உண்டு; அதனால் அது பட்டறையில் நுழையும்போது வீட்டுச்சொல்லாகவே நுழைகின்றது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரையுள்ள ஆலைகளுக்கு நாம் படைக்கும் சொற்கள் இச்சொற்களின் உடன்பிறப்புகளாக ஒலித்தல் வேண்டும்.

ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று சொற்களை ஆக்குங்கள். பத்துத் தொழிலாளரிடம் சொல்லுங்கள். எழுதிக் காட்டாமல் வாயாற் சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்துச் சென்று, எது நினைவிலிருக்கின்றது என்று கேளுங்கள். அவர்கள் மறந்ததை விடுங்கள். திருத்திச் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாமல் சொன்னதைத் தலைமேற்கொள்ளுங்கள். செலவில்லாத ஆய்வு இது. எந்த அரசின் ஆணையும் இதற்குத் தேவையில்லை.

இது வெறும் மொழிப்பற்றின் பொழுதுபோக்கு என்று எண்ணற்க. சுழலும் பொறியின் முன்னே நிற்பவனுக்கு எச்சரிக்கைச் சொல் ஒரு நொடியில் செவிவழிப் புகுந்து கையை எட்டவேண்டும். 'நிறுத்து' என்றால் அவன் கை தானே நிற்கும். அது தாய் சொன்ன சொல். அயன்மொழியில் எழுதித் தொங்கவிட்ட பலகையை அவன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விரல் போய்விடுமன்றோ! 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அவ்வழியில் பயிலும் இளைஞன் ஆலைக்குள் காலெடுத்து வைக்கும்போது, அவன் கற்ற சொல்லும் அங்கே புழங்கும் சொல்லும் ஒன்றாயிருந்தாலன்றி, தமிழ்வழிக் கல்வி அவனுக்குப் படிக்கட்டாகாது, தடைக்கல்லாகவே முடியும். நம் சொல் நிலைப்பதும் நிலையாததும் அவன் வாழ்வைப் பற்றிய செய்தி.

தமிழன்பர்களே! சொல்லை ஆக்குவது பாதிப் பணி. செவியில் நடுவது மறுபாதி. நிலத்தின் தன்மை பாராது விதைப்பவன் உழவனல்லன். தமிழ்ச் செவி என்னும் நிலத்தின் தன்மையைத் தொல்காப்பியர் அளந்து தந்துவிட்டார். உளநூலாரின் ஆய்வுகளும் அதே பக்கம் சான்று நிற்கின்றன. இனி விதைப்பது நம் கடன். இருங்காடு வெட்டிக் கோட்டை கட்டியவன் அவ்வூர்க்கு இருங்காட்டுக்கோட்டை என்று பெயரிட்டான். இன்று அங்கே பொறியேற்றும் அவன் வழித்தோன்றல், தான் செய்யும் பொருளுக்குத் தன் மொழியில் பெயரிடத் தெரியாதவனாய் நிற்றல் ஆகாது. அவன் செவி ஏற்கும் சொல்லை ஆக்குவோம். அவன் வாய் சொல்லும் வரை ஓயாது ஒலிப்போம்!